நேமத்தில் எரிந்த மஞ்சள் விளக்கு

பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் நூற்றைம்பது கிலோமீட்டர். 2007-ஆம் ஆண்டு, ஓணத்துக்கு முந்திய வாரம், அந்தத் தூரத்தை முதன்முறையாக நானே கார் ஓட்டிக் கடந்தேன். அதற்கு முன் நான் தனியாக ஓட்டிப் போன மிகத் தொலைவான ஊர் கோவில்பட்டி.

போனது ஊர் பார்க்க அல்ல. ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்த என் கணவர் ஏணியிலிருந்து விழுந்து இடது காலை முறித்துக்கொண்டார். அங்கேயே தகடு வைத்துத் தைத்து, கொஞ்சம் தேறியதும் ஊருக்கு அனுப்புகிறார்கள். திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவார். காலை மடக்கக் கூடாது என்பதால் பேருந்தோ ரயிலோ சரிப்படாது. காரின் பின் இருக்கையில் குறுக்காக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டுதான் வீடு வந்து சேர வேண்டும்.

கார் எங்களுடையதுதான். எட்டு வயதான வெள்ளைக் கார். வெளிநாடு போவதற்கு ஓராண்டுக்கு முன் இன்னொருவரிடமிருந்து வாங்கினார். அவர் போன பிறகு, வண்டி நின்றே கெட்டுப்போகும் என்று நான் ஓட்டப் பழகினேன். தொலைபேசி இணைப்பகத்தில் எனக்கு வேலை. புகார் வந்த இணைப்புகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவு. இரண்டு வருடம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அந்தக் காரில்தான் போய் வந்தேன். நான் ஓட்டுவேன் என்று அவருக்குத் தெரியும். ஓட்டிப் பார்த்ததில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். நாங்குநேரியில் பெட்ரோல் போட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். சாலையின் இருபுறமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாகர்கோவில் தாண்டி மார்த்தாண்டத்தில் நிறுத்தி ஒரு டீ, பழம்பொரி என்கிற ஒரு நேந்திரம்பழ பஜ்ஜி. டீ மூன்று ரூபாய். களியக்காவிளை கடந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது, சாலையும் மாறுகிறது. எங்கள் பக்கத்துச் சாலையில் ஓர் ஊர் முடிந்தால் வெட்டவெளி வரும், பிறகு அடுத்த ஊர் வரும். இங்கே பாறசாலை எங்கே முடிந்தது, நெய்யாற்றின்கரை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. வீடும் மரமும் கடையுமாக விட்ட இடம் இல்லை. ஏறி, இறங்கி, வளைந்து, மறுபடி ஏறுகிறது சாலை.

பாலராமபுரம் தாண்டி நேமத்தில் போக்குவரத்து நெரிசல். ஓணச் சாமான் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினேன். அப்போதுதான் முன் பலகையில் அந்த விளக்கு எரிந்தது. எஞ்சின் வடிவத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. சாவியைத் திருப்பும்போது ஒரு கணம் எரிந்து, வண்டி கிளம்பியதும் அணைந்துவிடும். ஓடுகிற வண்டியில் அது எரிந்து நான் பார்த்ததே இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். சூடு காட்டும் முள் பாதியில்தான் நின்றது. எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரியவில்லை. புகை இல்லை. அணைத்துவிட்டுத் திரும்பக் கிளப்பினேன். மஞ்சள் விளக்கு போய்விட்டது. மனசு லேசாகிக் கரமனைப் பாலம் வரை வந்தேன். பாலம் ஏறும் இடத்தில் ஒரு குலுக்கல். மறுபடி எரிந்தது.

கணவரின் அக்கா பகவதி மைனியின் வீடு வலியசாலையில், கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தெருவில் ஒரு கார் நின்றால் இன்னொன்று போக முடியாது. மைனி வாசலிலேயே நின்றார்.

"தனியாவா வந்தே? தொணைக்கு ஒரு ஆளு இல்லாம?"

"வந்து சேந்துட்டேன் மைனி."

"வண்டிக்கு ஒண்ணும் இல்லையே? நாளன்னைக்குத் தம்பிய ஏத்தணுமல்லா?"

மறைக்க மனம் வரவில்லை. விளக்கு எரிந்ததைச் சொன்னேன். மைனியின் வீட்டுக்காரர் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவர். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு கொழப்பம்? ஒரு துண்டு கறுப்பு டேப்பு ஒட்டினா மதி, வேறொண்ணும் வேண்டாம். பின்ன கண்ணுல படாது."

"ஆமா, ஒங்க கடைக் கணக்கு பாருங்க, மூடி வைக்கதுக்கு" என்றார் மைனி. பிறகு என்னிடம் திரும்பி, "நான் ஒரு டாக்ஸி சொல்லி வைக்கேன். வழியில எங்கயாவது நின்னுட்டா, அவன் காலைத் தூக்கிக்கிட்டு ரோட்டுலயா இருப்பான்?" என்றார்.

ஆனால் ஓணச் சமயம். மைனி நாலைந்து இடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். எல்லா வண்டியும் ஏற்கெனவே வேறு ஆட்களுக்குப் பேசியாயிற்று. கிள்ளிப்பாலத்தில் ஒருவர் மட்டும், நாளை சாயங்காலத்துக்குள் உறுதி சொன்னால் ஒரு வண்டி ஒதுக்குகிறேன் என்றார். கையில் இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

சாப்பிட்டதும் அண்ணாச்சி என்னைக் கரமனைக்குப் போகும் வழியில் ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனார். தகரக் கூரை, மூன்று கார்கள், வாசலில் ஒரு பலா மரம். பிஜு என்பவர் நடத்துகிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். டிப்ளமா படித்து, கொச்சியில் சில காலம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

"சேச்சி, லைட்டு எப்போ கத்தும்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. விளக்கு எப்படிக் கத்தும்? அண்ணாச்சி சிரித்துவிட்டு, "கத்துறதுன்னா இங்க எரியுறது" என்று விளக்கினார். அன்று முழுவதும் எங்கள் பேச்சில் என் கார் கத்திக்கொண்டே இருந்தது.

பெரிய நிறுவனங்களில் இருக்கும் சோதனைக் கருவி பிஜுவிடம் இல்லை. இந்தக் காலத்துக் கார்களுக்கு அது வேண்டும், என் கார் பழையது என்பதால் வேண்டாம் என்றார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு சின்ன இணைப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, இரண்டு துளைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். மஞ்சள் விளக்கு மின்ன ஆரம்பித்தது. ஒரு மின்னல், சற்று இடைவெளி, பிறகு விட்டு விட்டு நான்கு மின்னல்கள். மறுபடி அதே. கோளாறு என்ன என்பதை வண்டியின் கணினி இந்த எண்ணால் சொல்லுமாம். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் விரலை வைத்துப் பதினான்கைக் காட்டினார். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூட்டை அளந்து சொல்லும் சென்சார்.

"அது போயி. மாத்தினா தீர்ந்து" என்றார்.

கடைக்கு ஆள் அனுப்பிப் புது சென்சார் வாங்கி வந்து மாட்டினார். கணினியின் நினைவை அழிக்க ஒரு ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். விளக்கு அணைந்தது. பட்டறையிலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டோம், எரியவில்லை. அண்ணாச்சி மைனிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

வலியசாலைத் தெருவுக்குத் திரும்பும் முனையில் சாக்கடைக் கானின் மூடி ஒன்று மேலெழும்பியிருந்தது. அதில் சக்கரம் ஏறி இறங்கியதும் விளக்கு எரிந்தது. வாசலில் மைனி எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். இரவெல்லாம் மழை தூறியிருந்தது. எஞ்சின் குளிர்ந்து கிடந்தது. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து அணையாமலே நின்றது, முன்னால் ரேடியேட்டர் ஃபேனும் பெருஞ்சத்தத்தோடு சுற்றத் தொடங்கியது. அண்ணாச்சி பல் தேய்த்தபடி வாசலில் நின்றார்.

"இப்பத்தான ஸ்டார்ட் பண்ணினே? ஆறிப்போன வண்டிக்கு எதுக்கு ஃபேன்?"

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. அண்ணாச்சியோடு பட்டறைக்குப் போனதும் பிஜுவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். மறுபடி கம்பி வைத்து எண்ணிப் பார்த்தார். அதே பதினான்கு. அவர் முகம் சுருங்கியது.

"சென்சார் புதுசு. பின்ன கம்ப்யூட்டர்தான் போயிருக்கணும். எறணாகுளத்துலேர்ந்து வரணும் சேச்சி. ஓணம் கழிஞ்சுதான் கிட்டும்."

நான் பலா மரத்தடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். டாக்ஸியே சொல்லிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். எடுத்த கையோடு ஒரு யோசனை வந்தது. எங்கள் பிரிவுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ புகார் வரும். ஃபோன் பேசவில்லை, ஃபோன் கெட்டுவிட்டது என்பார்கள். புது ஃபோன் கொடுத்தும் பேசவில்லை என்றால் நாங்கள் இணைப்பகத்தைக் குறை சொல்லுவதில்லை. நடுவில் இருக்கிற வயரைப் பார்ப்போம். அதிலும் காற்றடித்தால் போவதும் திரும்ப வருவதுமாக இருந்தால், நிச்சயம் எங்கோ பாதி அறுந்த வயர்தான்.

எழுந்து போனேன். "பிஜு, நேத்தெல்லாம் குலுங்கினப்பதான் லைட் வந்தது. கம்ப்யூட்டர் கெட்டா குலுங்குறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? சென்சார்லேர்ந்து கம்ப்யூட்டருக்குப் போற வயரைப் பாத்தீங்களா?"

அவர் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்தபடி எஞ்சினைக் குனிந்து பார்த்தார். "இல்ல" என்றார். "நோக்கல. சூடு தெரியலேன்னா கம்ப்யூட்டர் பயந்து ஃபேனை ஓட்டிட்டே இருக்கும். அதான் காலையில ஃபேன் அப்படிக் கறங்கிச் சுத்தினது. சென்சார் தகவல் கம்ப்யூட்டருக்குப் போயே சேரல."

எஞ்சினைக் கிளப்பிவிட்டு நான் உள்ளே உட்கார்ந்தேன். ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. பிஜு சென்சாரின் முனையிலிருந்து தொடங்கி வயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக அழுத்தி வந்தார். என் கண் விளக்கில். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றும் இல்லை. பேட்டரிக்குப் பக்கத்தில் அவர் கை போனபோது ஃபேன் சட்டென்று நின்றது. விளக்கும் அணைந்தது. அந்த அமைதியில் எஞ்சின் மெல்ல ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சேச்சி, போயோ?"

"போச்சு!"

கையை எடுத்தார். ஃபேன் மறுபடி சுற்றியது. வைத்தார், நின்றது. அண்ணாச்சி கோவிலில் தீபாராதனை பார்க்கிறவர்போலக் கையைக் கூப்பிவிட்டார்.

அதற்கு முந்திய மாதம் திருநெல்வேலியில் பேட்டரி மாற்றியிருந்தேன். பேட்டரியை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டை வயர்க் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு குலுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, மேல் உறை கிழியாமலே உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. பிஜு அந்தத் துண்டை வெட்டி எறிந்து, புது வயர் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டு, பட்டைக்கு எட்டாத இடத்தில் கட்டினார். முடித்துவிட்டு நேராக நிமிர்ந்து சொன்னார்: "நேத்து எனக்குத் தெற்றிப்போச்சு சேச்சி, தப்பா நெனச்சிட்டேன். நம்பர் சொன்னதை நான் பாதிதான் கேட்டேன். பழைய சென்சார் நல்லாத்தான் இருக்கு, டிக்கியில வச்சிருக்கேன்."

வாகனம் வைத்திருக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: அந்த மஞ்சள் விளக்கு எந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லும். எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

மதியம் மைனி என்னை உட்கார வைத்துக் கேட்டார். "எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. சாயங்காலத்துக்குள்ள டாக்ஸிக்காரனுக்குச் சொல்லணும். நீ என்ன சொல்லுதே?"

சரியாகிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. நேற்றும் அப்படித்தானே நினைத்தோம். "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லட்டுமா மைனி? விழிஞ்ஞம் வரைக்கும் போய்ட்டு வருவோம். நீங்களும் வாங்க."

"நானா?"

"பின் சீட்டுல அவங்க இருக்க மாதிரி காலை நீட்டி இருங்க. இடம் பத்துமான்னும் பாக்கணும்."

முதலில் சிரித்தார். பிறகு இரண்டு தலையணையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினார். கதவில் முதுகைச் சாய்த்து, இடது காலை இருக்கையில் நீட்டி, சேலையைச் சரிசெய்துகொண்டார். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

விழிஞ்ஞம் பதினாறு கிலோமீட்டர். வேண்டுமென்றே மேடும் பள்ளமுமான வழியாகப் போனேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் கண் விளக்குக்குப் போகும், பின்னாலிருந்து மைனி, "கத்துதா?" என்பார். "இல்ல மைனி." திருவல்லம் பாலம், பாச்சல்லூர், கோவளம் முக்கு. ஓரிடத்தில் நான் பிரேக்கைச் சற்று அழுத்திப் பிடித்துவிட்டேன். "இப்பிடிப் பிடிச்சா காலு முன்னால போய் இடிக்கும். மெல்லப் பிடி" என்றார். அதற்குப் பிறகு பிரேக்குக்கு முன்பே வேகத்தைக் குறைக்கப் பழகினேன். தலையணையில் ஒன்றை முட்டிக்குக் கீழும் ஒன்றைப் பாதத்துக்குப் பக்கத்திலும் வைத்தால் கால் ஆடாது என்பதையும் அவரே கண்டுபிடித்தார்.

மீன்பிடித் துறைமுகத்தில் வண்டியை நிறுத்தினோம். படகுகள் கரையேறியிருந்தன, வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மசூதி, மறுபக்கம் மாதா கோவில், நடுவில் கடல். பெரிய துறைமுகம் வரப்போகிறது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். கண்ணுக்கு எட்டிய வரை படகுகள்தான். மைனி இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்று வெகுநேரம் கடலைப் பார்த்தார்.

"இங்க வந்து எத்தனையோ வருசம் ஆச்சு. பக்கத்துல இருக்குன்னுதான் வரல" என்றார். பிறகு என் கைப்பேசியை வாங்கி, கிள்ளிப்பாலத்துக்காரரிடம் டாக்ஸி வேண்டாம் என்று சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குச் சங்குமுகத்தில் இருந்தோம். விமான நிலையத்துக்கு எதிரே கடல். வாசலில் பெருங்கூட்டம், ஓணத்துக்கு வருகிறவர்களை அழைத்துப்போக ஜீப்பும் வேனுமாக வந்திருந்தார்கள். பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஒரு சக்கர நாற்காலி வந்தது. அவர் பாதியாக இளைத்திருந்தார். கால் மரப் பலகைபோல் முன்னால் நீட்டியிருந்தது. மைனி, "தம்பி" என்று அவர் தலையைத் தடவினார். என்னைப் பார்த்து அவர், "வண்டி யாரு ஓட்டுதா?" என்று கேட்டார்.

"நான்தான்."

"ஊரு வரைக்குமா?"

"ஊருலேர்ந்துதான வந்தேன்."

அவரைத் தூக்கி ஏற்ற அண்ணாச்சியும் விமான நிலையத்து ஊழியர் ஒருவரும் உதவினார்கள். மைனி சொன்ன இடத்தில் தலையணைகள் பொருந்தின. அண்ணாச்சி ஆட்டோவில் வர, முன் இருக்கையில் இருந்த மைனியை வலியசாலையில் இறக்கிவிட்டோம். மைனி ஒரு டப்பாவில் நேந்திரங்காய் வற்றலும் வெல்லப்பாகில் புரட்டிய ஒரு பொட்டலம் சர்க்கரை வரட்டியும் கொடுத்து, ஜன்னலில் குனிந்து தம்பியிடம், "அவ நல்லாத்தான் ஓட்டுதா. நீ பின்னால இருந்துகிட்டு ஒண்ணும் சொல்லாத" என்றார்.

அவர் சொல்லத்தான் செய்தார். கரமனையில், "கியர மாத்து" என்றார். நேமத்தில், "லாரி வருது, லாரி வருது" என்றார். கண்ணாடியில் பார்த்தேன்; நல்ல காலால் முன் இருக்கையின் அடிப்பகுதியை பிரேக் என்று நினைத்து மிதித்துக்கொண்டிருந்தார். பள்ளம் வரும்போது முன்பே வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்றினேன். நெய்யாற்றின்கரை தாண்டும்போது சொல்வது குறைந்தது. களியக்காவிளையில் கடைப் பலகைகளில் தமிழ் வந்தபோது, "ம்" என்றார். அதன் பிறகு பேச்சே இல்லை. தக்கலைக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, தலை ஜன்னலில் சாய்ந்து தூங்கியிருந்தார்.

நாகர்கோவிலில் சாப்பிட நிறுத்தலாம் என்று நினைத்திருந்தேன். நிறுத்தவில்லை. ஆரல்வாய்மொழியில் மலை இரண்டு பக்கமும் விலகி, சாலை நேராகி, வானம் அகலமாகிவிட்டது. திருவனந்தபுரத்துச் சாலையில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது அடுத்த வளைவு வரைதான். வளைந்து ஏறித்தான் அதற்கப்பால் இருப்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துச் சாலையில் போகவேண்டிய தூரம் முழுவதும் முன்னாலேயே கிடக்கிறது. முன்பெல்லாம் அந்தத் தூரத்தைப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கும். அன்று இன்னும் கொஞ்சம் நீண்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்ததும் அவர் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியவில்லை. ஜன்னல் வழியாக எங்கள் கதவையும் வேப்பமரத்தையும் பார்த்தார்.

"அதுக்குள்ள வந்தாச்சா?" என்றார்.